மூத்தாளுக்குத் துரு

அங்க அமுக்காதீங்க தம்பி. வேணாம், அந்த மட்கார்டு ஓரத்துல மட்டும் கை வைக்காதீங்க, அது... போச்சு. உள்ள போயிடுச்சா? சொல்லச் சொல்ல விரல விட்டுட்டீங்களே. இழுக்காதீங்க, தகரம் கிழிச்சுடும். திருகித் திருகி எடுங்க, மோதிரம் கழட்டற மாதிரி. ம், வந்துடுச்சு. ரத்தம் இல்லையே? நல்லவேளை. போன கடைக்காரர் பேனாவ விட்டுப் பாத்தாரு, அது இன்னும் உள்ளதான் கிடக்கு. திருப்பத்துல எல்லாம் லொடலொடன்னு உருளும்.

உங்களச் சொல்லிக் குத்தமில்ல. பாக்கறதுக்கு அப்படித்தான் இருக்கும், வெண்ணெய் தடவின மாதிரி. மேல பெயிண்ட், உள்ள ஒண்ணுமில்ல. தகரம் பெயிண்ட்டத் தாங்கற காலம் போயி, பெயிண்ட்டு தகரத்தத் தாங்கிட்டு நிக்குது. இந்தப் பக்கம் வாங்க, கதவத் தெறந்து காட்டறேன். மெதுவா, கதவு கையோட வந்துடும். முன் சீட்ல என் கால் வைக்கற எடம் இது. இந்த ரப்பர் மேட்டத் தூக்கிப் பாருங்க. தரை தெரியுதா? உங்க கடைத் தரைதான், வண்டித் தரை இல்ல. மழைக்காலத்துல ஊருக்கெல்லாம் மேலருந்து மழை பெய்யும், எனக்கு மட்டும் கீழருந்து பெய்யும். ஒரு தடவ செருப்பே இந்த வழியா ரோட்டுல விழுந்துடுச்சு. நிறுத்துங்கன்னு கத்தறேன். கால நல்லா ஊனி உக்காரக் கூடாதான்னு கேக்கறாரு. எதுல ஊனறது?

யாரா? அந்தா, உங்க ஷெட்டு மூலையில அந்த ஜீப்பச் சுத்திச் சுத்தி வர்றாரே, வெள்ளைச் சட்ட, அவருதான் எங்க வீட்டுக்காரரு. இந்த வண்டிக்கும் அவருதான் வீட்டுக்காரரு. எங்க கல்யாணத்துக்கு முன்னாடியே இது வீட்டுக்கு வந்தாச்சு. மொறைன்னு பாத்தா இது மூத்தாளு, நான் எளையாளு. மூத்தாளுக்குத் தனி அறை, மேல கூரை, தினம் குளியல். எளையாளுக்கு என்ன இருக்குன்னு கேக்காதீங்க.

இவ்வளவு துரு எப்படி ஏறுச்சுன்னா, பாசந்தான் தம்பி. வேற ஒண்ணுமில்ல, வெறும் பாசம். கதவுக்கு அடியில குனிஞ்சு பாருங்க. ஓரத்துல வெள்ளையா அடைச்சிருக்கா? நகத்தால சொரண்டுங்க. மெழுகு. ஆமா, மெழுகுவத்தி மெழுகுதான். அங்க சின்னச் சின்ன ஓட்டை இருக்குமாமே, உள்ள போன தண்ணி வடியறதுக்கு? ஒரு நாள் அது வழியா எறும்பு வரிசையாப் போறதப் பாத்துட்டாரு. மூத்தாள எறும்பு கடிச்சா மனசு தாங்குமா? எல்லா ஓட்டையையும் மெழுகு உருக்கி அடைச்சாரு. அப்புறம் தினமும் காலையில ஹோஸப் பிடிச்சுக் குளிப்பாட்டறது. போன தண்ணி எங்க போகும்? கதவுக்குள்ளயே குளம் கட்டி நின்னுருக்கு. வருஷக்கணக்கா. வண்டி திரும்பினா சளசளன்னு சத்தம் வரும். அது என்னங்க சத்தம்னு கேட்டா, பெட்ரோல் டேங்க் நெறஞ்சிருக்குடீம்பாரு. கதவுல எங்கிருந்துய்யா பெட்ரோல் டேங்கு?

சிரிங்க, சிரிங்க. நானும் இப்பத்தான் சிரிக்கறேன்.

சரி, வேலைக்கு வருவோம். எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. இந்த வண்டி இன்னிக்கு உங்க கடையில நிக்கணும். திரும்ப வீட்டுக்குப் போகக் கூடாது. ஞாயித்துக்கிழமை எங்க மகளும் பேத்தியும் வர்றாங்க. பேத்திக்கு இப்பத்தான் முன் பல்லு ரெண்டும் விழுந்திருக்கு, அவ்வளவுதான் வயசு. தாத்தா கார்ல முன் சீட்டு எனக்குன்னு போன்லயே துண்டு போட்டு வச்சுட்டா. இவரும் ஏரி வரைக்கும் போயி ஐஸ்கிரீம் வாங்கித் தர்றேன்னு வாக்குக் குடுத்துட்டாரு. இந்த ஓட்டைக்கு மேல அந்தக் குழந்தையோட ரெண்டு காலும். மேட்டுக்கு அடியில ஒரு பலகை போட்டுக்கலாங்கறாரு அவரு. நான் ஒத்துக்கல. கடை பாத்தே ஆகணும்னு ஒத்தக் கால்ல நின்னேன்.

நீங்கதான் மொதல்ல இல்ல. மூணு கடை ஏறி இறங்கியாச்சு.

மொதக் கடை கண்ணாடிக் கடை. கடைக்குள்ள போனா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. ஏசி, சோபா, ஒரு மெஷின்ல பட்டன அமுக்கினா காபி. டை கட்டின ஒரு தம்பி வந்து, டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, சார், அடுத்த வாரமே புது வண்டி மாதிரி குடுத்துடறோம்னான். அடுத்த வாரம்! எனக்கு சுருக்குன்னுச்சு. இவரு தலையாட்டற மாதிரி இருந்துச்சு. நான் சும்மா இருப்பேனா? ஏன் தம்பி, பட்டி பூசுவீங்களான்னு கேட்டேன். அது ஒண்ணு போதும். எங்க வீட்ல பட்டிங்கறது கெட்ட வார்த்தை. துருவ வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வச்சு வெல்டிங் பண்ணணும், மாவு மாதிரிக் கொழச்சு அப்பி மறைக்கறது மோசடிம்பாரு. அந்தத் தம்பி, லேசாத்தான் மேடம்னான். இவரு சட்டப் பையில கைய விட்டாரு.

எதுக்கா? காந்தம். மத்தவங்க பையில பேனா இருக்கும், இவரு பையில காந்தம். தகரமா இருந்தா ஒட்டும், பட்டியா இருந்தா விழுந்துடும் இல்ல? அங்க அப்பத்தான் ஒரு பெரிய வண்டிய முடிச்சு, துடச்சு, ஓனர்கிட்ட சாவியக் குடுத்துட்டிருக்காங்க. இவரு போயி அந்த வண்டிக் கதவுல காந்தத்த வச்சாரு. டொக்குனு கீழ விழுந்துச்சு. இன்னொரு எடத்துல வச்சாரு. டொக்கு. பானட்ல. டொக்கு. அந்த ஓனர் முகம் போற போக்கப் பாக்கணுமே. அப்புறம் அவருக்கும் கடைக்காரங்களுக்கும் நடந்த சண்டையில எங்கள வெளிய போன்னு சொல்லக்கூட ஆளில்ல. நாங்களாவே வந்துட்டோம். நான் அந்த மெஷின் காபிய ஒரு வாய்தான் குடிச்சிருந்தேன்.

ரெண்டாவது, அண்ணன் தம்பி ரெண்டு பேரா நடத்தற கடை. தெரியுமா உங்களுக்கு? ஆமா, அந்தப் பெரிய வேப்பமரத்தடிக் கடைதான். வேலை சுத்தம். பட்டியே கெடையாது. வெட்டி வச்சிருந்த தகரத்துல காந்தம் ஒட்டின ஒட்டுக்கு, இவரால அதப் பிடுங்கவே முடியல. கண்ணு கலங்கிட்டாரு மனுஷன். அண்ணங்காரரு சொன்னாரு, இத்தனாம் தேதி காலையில வாங்க, வண்டி வாசல்ல நிக்கும்னு. பக்கத்துல இருந்தவங்களும், இவங்க சொன்னா சொன்ன நாள்ல குடுப்பாங்கன்னு சாட்சி சொல்றாங்க.

அப்புறம் ஏன் விடலன்னா... நான் இவரு காதுல போயி, ஏங்க, அந்தத் தம்பிக்காரரு உங்க வண்டிய டப்பான்னு சொன்னாருங்கன்னு சொல்லிட்டேன்.

அவரு எங்க சொன்னாரு? பாவம், அவரு வாயே தெறக்கல. வாய் நெறைய ஸ்க்ரூ வச்சிருந்தாரு. நாந்தான் சொன்னேன். இவரு விறுவிறுன்னு வண்டியில ஏறி உக்காந்துட்டாரு. அந்த அண்ணன் தம்பி ரெண்டு பேரும் இன்னிக்கும் யோசிச்சிட்டிருப்பாங்க, என்னடா தப்புப் பண்ணினோம்னு.

ஏன் பொய் சொன்னேனா? சொல்றேன், இருங்க. மூணாவது கடையையும் கேட்டுடுங்க.

மூணாவது ஆளுதான் அந்தப் பேனாக்காரரு. சுத்தி வந்தாரு, தட்டினாரு, பேனாவ விட்டாரு, பேனாவத் தொலைச்சாரு. அந்தக் கோவமோ என்னமோ, சார், இதுல சரி பண்றதுக்கு வண்டின்னு ஒண்ணு இருக்கணுமே, பழைய இரும்புக்குப் போட்டுடுங்கன்னாரு. நான்கூட நெனச்சேன், ஆகா, இது ஒரு வழியா இருக்கேன்னு. ஆனா இவரு இந்தத் தடவ வேற மாதிரி தம்பி. சண்ட போடல. காந்தத்த எடுக்கல. வீட்டுக்கு வந்து, ஷெட்டுக் கதவச் சாத்திட்டு, வண்டிக்குள்ள உக்காந்துட்டாரு. ஸ்டார்ட்டும் பண்ணல. சாப்பிடக் கூப்பிட்டேன், வரல. நான் போயி என் சீட்ல உக்காந்தேன். சுவத்தப் பாத்து ரெண்டு பேரும் உக்காந்திருந்தோம், சினிமாவுக்குப் போன மாதிரி. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது, வித்துடு, ஒடச்சுடுங்கற பேச்சே இந்த மனுஷங்கிட்ட ஆகாதுன்னு.

அப்புறந்தான் உங்க பேரு வந்துச்சு. எங்க தெருவுல வாடகைக் கார் ஓட்டறவரு ஒருத்தரு. அவருகிட்ட, எல்லாக் கடையும் பாத்தாச்சு, வேற யாரு இருக்காங்கன்னு கேட்டேன். இன்னொருத்தரு இருக்காரு, ஆனா அங்க போயிடாதீங்கக்கா, வேலை நல்லாத்தான் பண்ணுவாரு, ஆனா நீங்க விட்டா உங்க பேத்தி கல்யாணத்துக்குத்தான் வண்டி வரும்னாரு. எனக்கு அப்படியே குளுகுளுன்னு ஆயிடுச்சு. அட்ரஸ் குடுங்கன்னேன்.

கோச்சுக்காதீங்க தம்பி. நான் கேலி பண்ணல. நெஜமாவே சந்தோஷமாச் சொல்றேன். உள்ள நொழையும்போதே பாத்தேன், அந்தப் பச்ச வண்டி. பானட்டுக்குள்ளருந்து ஒரு செடி வந்து, பூவே பூத்திருக்கு. அந்தாண்ட வண்டி பின் சீட்ல பூனை குட்டி போட்டிருக்கு. இந்தக் குட்டிங்களோட அம்மா பொறந்ததும் அதே சீட்லதான்னு உங்க வெல்டர் பெருமையா வேற சொல்றாரு. இத விட நம்பிக்கையான கடை எனக்கு எங்க கிடைக்கும்?

ஆமா. மெதுவா பண்ற கடைதான் வேணும். தப்பாக் கேக்கல நீங்க. இருக்கறதுலயே மெதுவான கடை. சொன்ன நாள்ல குடுக்கறவன எல்லாம் ஒவ்வொருத்தனாத் தட்டிக் கழிச்சுட்டுத்தான் உங்ககிட்ட வந்திருக்கேன்.

அவரு வர்றாரான்னு பாத்துக்கோங்க. இல்ல, இன்னும் ஜீப்புதான். சரி, கிட்ட வாங்க.

ஓட்டைய மட்டும் பாத்தீங்களே, நசுங்கலப் பாத்தீங்களா? எந்தப் பக்கம் இருக்கு? எடப்பக்கம். முன் மட்கார்டு, கதவு, பின்னாடி மூலை, எல்லாம் எடப்பக்கம். வலப்பக்கம் ஒரு கீறல் உண்டா? தேடிப் பாருங்க, கிடைக்காது. வீட்டு கேட்டு தூணு, குப்பைத் தொட்டி, டாக்டர் வீட்டு வாசல் திண்டு. டாக்டரப் பாத்துட்டு வெளிய வந்ததும் இடிச்சது அது.

போன மழைக்காலத்துல ஒரு நாள் காலையில தலை வலிக்குதுன்னு படுத்தாரு. மூளையில ஏதோ சின்ன ரத்தக் குழாய் அடைச்சுக்கிச்சாம். மூளையிலயுமான்னு நெனச்சேன், எங்கெங்க மெழுகு வச்சாரோன்னு. கை கால் எல்லாம் நல்லா இருக்கு. பேச்சு நல்லா இருக்கு, அது கொஞ்சம் கொறஞ்சிருந்தாக்கூடப் பரவால்ல. போனது எடப்பக்கப் பார்வ மட்டுந்தான். ரெண்டு கண்ணுலயும். கண்ணுல கோளாறு இல்லையாம், உள்ள பாக்கற எடத்துல கோளாறாம். இனிமே திரும்பாதாம்.

அதுல வேடிக்கை என்னன்னா, அவருக்கு அது தெரியாது. இருட்டா இருந்தாத்தான தெரியும்? அந்தப் பக்கம்னு ஒண்ணே இல்லன்னுதான் அவரு கணக்கு. இல்லாதத யாரு தேடுவா? சாப்பாடு வச்சா தட்டுல வலப்பக்கத்த மட்டும் சாப்பிட்டுட்டு, என்னடி இன்னிக்கு இவ்வளவு கொறச்சுப் போட்டிருக்கன்னு கேப்பாரு. நான் தட்ட அப்படியே ஒரு சுத்து சுத்தி விடுவேன். இந்தாங்க, போட்டாச்சுன்னு. சாப்பிடுவாரு. ஷேவிங்கும் அப்படித்தான், ஒரு கன்னம் பளபளப்பு, ஒரு கன்னம் புதரு. கிட்ட வந்ததும் பாருங்க. டாக்டர் வண்டி ஓட்டக் கூடாதுன்னாரு. உங்க மெஷின மாத்துங்க, அது பழசுன்னு டாக்டருக்கே புத்தி சொல்லிட்டு வந்துட்டாரு.

சாவிய ஒளிச்சு வச்சேனே. இன்னொரு சாவி வச்சிருந்தாரு. ஒரு வயரப் பிடுங்கிப் பாத்தேன். காபி ஆறறதுக்குள்ள மாட்டிட்டாரு.

இங்கயும் அவருதான் ஓட்டிட்டு வந்தாரு. கயித்தக் கட்டி இழுத்துட்டு வரலாம்னா, மூத்தாள இழுத்துட்டு வர்றதாவதுன்னு குதிக்கறாரு. எடப்பக்கச் சீட்ல யாரு? நான். வழி முழுக்கக் கத்திட்டே வந்தேன். எடப்பக்கம் சைக்கிளு, எடப்பக்கம் சுவரு, எடப்பக்கம் ஒரு அம்மா. ஊர்ல எல்லாரும் என்ன வாயாடிங்கறாங்க தம்பி. போன மழைக்காலத்துலருந்து நான் வாய மூடினா எவனாவது அடிபடுவான். அப்படியும் உங்க தெரு முனையில ஒரு பொண்ணு, கையில பால் பாத்திரத்தோட. நான் பிரேக்னு கத்தின கத்துல வண்டி நின்னுடுச்சு. பால் கொட்டிப் போச்சு, பொண்ணுக்கு ஒண்ணுமில்ல. இவரு என்னத் திட்டறாரு, ஆளே இல்லாத ரோட்டுல எதுக்குடி கத்தறன்னு.

அந்தப் பொண்ணுகிட்டப் பாலுக்குக் காசு குடுத்துட்டுத்தான் உள்ள வந்தேன்.

ஞாயித்துக்கிழமை அந்தச் சீட்ல பேத்தி. அவளுக்கு எடமா தெரியும் வலமா தெரியும்? நானும் வர்றேன்னா, நீ வந்தா கத்துவ, வேணாங்கறாரு.

அதனாலதான். இந்தத் துருவ நான் கையெடுத்துக் கும்பிடறேன் தம்பி. இது இல்லன்னா என்ன சாக்கு சொல்லி வண்டிய நிறுத்துவேன்? எங்க மகள்கூட வித்துடுங்கம்மான்னுதான் சொல்றா. வித்துட்டா அவரு வண்டி இல்லாத ஆளாயிடுவாரு. கடையில விட்டிருந்தா அவரு வண்டிய வேலைக்கு விட்டிருக்கற ஆளு. யாரு கேட்டாலும், வண்டி ஷெட்ல இருக்குப்பா, வந்ததும் போலாம்னு நெஞ்ச நிமித்திச் சொல்லிக்கலாம். அந்த நெஞ்சு எனக்கு வேணும்.

வேலையே பண்ண வேணாம்னு சொல்லல. பண்ணுங்க. ஒரு மழைக்காலத்துக்கு ஒரு கதவுன்னு பண்ணுங்க. அவரு கேட்டா, தகரம் இன்னும் வரல, பெயிண்ட் ஒத்துப் போகல, வெல்டர் ஊருக்குப் போயிட்டான், இப்படி ஏதாவது... என்னது? எல்லார்கிட்டயும் அதத்தான் சொல்வீங்களா? நல்லதாப் போச்சு, நடிக்கவே வேண்டியதில்ல. வாரத்துக்கு ஒரு தடவ பஸ்ல கூட்டிட்டு வர்றேன். ஒரு ஸ்டூலப் போட்டு உக்கார வைங்க, காந்தத்த வச்சு உங்க வண்டியெல்லாம் தட்டிப் பாத்துட்டு இருக்கட்டும். நடுவுல போன் பண்ணுவாரு. அப்ப மட்டும் கையில கிடைக்கற தகரத்துல சுத்தியால நாலு போடு போட்டுட்டு அப்புறமா எடுத்துப் பேசுங்க. அந்தச் சத்தம் கேட்டா அன்னிக்கு நல்லாத் தூங்குவாரு.

வர்றாரு, வர்றாரு. இந்தப் பக்கம் வந்து நில்லுங்க. வலப்பக்கம். அங்க நின்னா நீங்க கடையிலயே இல்லன்னு நெனச்சுட்டுத் திரும்பிப் போயிடுவாரு.

என்னங்க, பாத்தாச்சா ஜீப்ப? ஒட்டுச்சா? ஒரு எடத்துலகூட விழலையா? இதோ, இவருதான் ஓனரு. வண்டிய முழுசாப் பாத்துட்டாரு. பட்டி கிட்டி எல்லாம் கெடையாதாம், வெட்டி வெட்டித்தான் வேலை. ஆனா அவசரப்பட்டா நம்மால ஆகாதும்மா, நாள் இழுக்கும், வேற எடம் பாத்துக்கோங்கங்கறாரு. நான் அதான் யோசிக்கறேன்... ம்? பேசாம இருக்கேன். சரி, நீங்களே பேசுங்க.

கேட்டீங்களா தம்பி, எங்க வீட்டுக்காரரு சொல்றத? இப்பத்தான் வேலை தெரிஞ்ச ஒரு ஆளப் பாத்திருக்காராம்.

ஐயோ, ஏங்க, சாவிய இந்தத் தம்பி கையிலயே குடுங்க, என்கிட்ட எதுக்கு? பேத்திகிட்ட நான் சொல்லிக்கறேன். ஏரிக்கு பஸ்ல போலாம், எல்லாருமா. ஐஸ்கிரீம் எல்லாம் பஸ்ல வந்தா குடுக்க மாட்டாங்களா என்ன?

சரி, வாங்க போலாம். இருங்க, கையக் குடுங்க. ஏன், கட்டின பொண்டாட்டி ரோட்டுல கையப் பிடிச்சா குத்தமா? மூத்தாளத்தான் இங்க விட்டுட்டுப் போறோமே, இனிமே யாருக்குப் பயம்? அந்தக் கை இல்லங்க. இது. எடக்கை.